சிவப்பிலேயே நின்ற அக்கா

சரியான விடைக்கு விழுந்த நட்சத்திரத்தை வேண்டாம் என்று திருப்பியனுப்பிய ஓர் ஆளை என் அலைச்சலில் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். புனேயில், கோர்படி ரயில்வே கேட்டை ஒட்டிய ஒரு மாடியறையில்.

எலுமிச்சம்பழத்தில் உள்ள அமிலம் எது என்பது கேள்வி. கீழே நான்கு விடைகள். அக்கா டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு, கண்களை இறுக மூடி, ஒரு விரலை எங்கேயோ வைத்தார். ‘சாபாஸ்’ என்று உள்ளிருந்து ஒரு பெண்குரல் மராத்தியில் கூவியது. திரை முழுக்க மஞ்சள் நட்சத்திரங்கள் சிதறின. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் திரும்பிப் பார்த்தேன். அக்காவின் முகம், கடைக்காரன் கிழிந்த நோட்டைச் சுருட்டிக் கையில் திணித்துவிட்டது போல இருந்தது. திரையின் மூலையில் ஒரு சின்னக் கொடி உண்டு. அது சொல்வதில் குறை இருந்தால் கொடியைத் தொட்டு, திறக்கிற கட்டத்தில் எழுதி அனுப்பலாம். அக்கா கொடியைத் தொட்டார். மராத்தியில் ‘கா?’ என்று ஒற்றை எழுத்தைப் போட்டு அனுப்பினார். ஏன் என்று அர்த்தம்.

“சரின்னுதானேக்கா சொல்லுது. அதுக்குக்கூடவா புகாரு?”

“நான் கண்ண மூடிக்கினு தொட்டேன் தம்பி. எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாதவளுக்கு சாபாஸ் சொல்லுதுன்னா, அப்ப அது இன்னாத்தப் பாத்துச்சு?”

அடுத்த கேள்விக்கு யோசித்துத்தான் போட்டார். தப்பு. ‘பரவாயில்லை, மீண்டும் முயலுங்கள், உங்களால் முடியும்’ என்றது அதே குரல். அக்கா அதற்கும் கொடியைத் தொட்டார். அதற்கும் ‘கா?’

அவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் இருப்பது ஏறக்குறைய இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதையே அவர் வேறு வேறு இடங்களில் செய்தது.

அந்த மாடியறையில் ஓர் அறக்கட்டளை இரவு வகுப்பு நடத்தியது. பள்ளியைப் பாதியில் விட்டவர்கள் பத்தாவது எழுதுவதற்காக. கீழே பேக்கரி. கேட் மூடும்போதெல்லாம் நின்றுபோகிற வண்டிகளின் ஹாரனும் பாவ் ரொட்டி வேகிற வாசனையும் சேர்ந்து மேலே வரும். முன்பு கணக்குக்கு ஒரு வாத்தியார் வந்துகொண்டிருந்தாராம். ஹிஞ்சேவாடி மென்பொருள் கம்பெனி ஒன்று டேப்லெட்டுகளை இலவசமாகக் கொடுத்தபின் அவர் தேவையில்லை என்று ஆகிவிட்டது. நாம் விடை போட்டால் அதுவே சரி, தப்பு சொல்லும். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பட்டை. சிவப்பில் தொடங்கி, மஞ்சளாகி, பச்சையில் முடியும். எல்லாப் பட்டையும் பச்சையானால் அறக்கட்டளையே பணம் கட்டித் தனித்தேர்வராகப் பெயரைச் சேர்த்துவிடும். சிவப்பு இருந்தால் அடுத்த வருஷம் வா என்பார்கள்.

நான் ஆம்பூர்ப் பக்கம். ஒன்பதாவதோடு தோல் ஷாப்புக்குப் போனவன். பிறகு லாரி கிளீனர், பிவண்டி கிடங்கில் சுமை, புனேயில் பார்சல் பட்டுவாடா. ஹடப்சரில் எனக்கு அரைப் பாய் இருந்தது. பகலில் அதில் ஒரு ஷிப்டுக்காரன் படுப்பான், ராத்திரி நான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற வேலைக்குப் பத்தாவது கேட்டார்கள் என்று அங்கே போய்ச் சேர்ந்தேன்.

அக்கா கோர்படியிலேயே பிறந்தவர். அவர் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து கன்டோன்மென்ட் வேலைக்கு வந்தவர். வீட்டில் தமிழ், பள்ளியில் எட்டாவது வரை மராத்தி. எனக்குத் தெரிந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தார். ஹடப்சரில் ஒரு தனியார் மருத்துவமனையில் வார்டு ஆயா. டூட்டி முடிந்து அதே நீலச் சேலையில் வகுப்புக்கு வருவார். அந்த மருத்துவமனை கைமாறியிருந்தது. பத்தாவது தேறிய ஆயாக்கள் ரோலில், அதாவது நிரந்தரப் பட்டியலில் இருப்பார்கள், தேறாதவர்கள் அடுத்த ஜூனில் ஏஜென்சிக்குப் போவார்கள் என்று புது நிர்வாகம் சொல்லிவிட்டது. ஏஜென்சி என்றால் இன்றைக்கு வா, நாளைக்கு வராதே. லீவு கிடையாது, வயதானால் கேட்பாரும் கிடையாது. அக்காவின் வீட்டுக்காரர் எப்போதோ எங்கேயோ போய்விட்டவர். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. அவருக்கென்று மிஞ்சியது அந்த ரோல்தான். அதைக் காப்பாற்றத்தான் பத்தாவது.

ஆகவே எங்கள் எல்லோரையும்விடப் பச்சை அவருக்குத்தான் அவசரம். எங்கள் எல்லோரையும்விடச் சிவப்பாக இருந்தவரும் அவர்தான்.

பட்டையைப் பச்சையாக்க ஒரு வழி இருந்தது. டேப்லெட்டில் விடை தெரியாவிட்டால் விளக்குப் படத்தைத் தொட்டால் குறிப்பு வரும். இரண்டாம் முறை தொட்டால் பாதிக் கணக்கைப் போட்டுக் காட்டும். மூன்றாம் முறை தொட்டால் விடையே வந்துவிடும். அதை அப்படியே கட்டத்தில் போட்டால் சாபாஸ், நட்சத்திரம், பட்டை கொஞ்சம் நகரும். இதற்கு வகுப்பில் மூணு தட்டு என்று பெயர். புதிதாக யார் சேர்ந்தாலும் செருப்பை எங்கே விடுவது என்று சொல்வதற்கு முன்னாலேயே மூணு தட்டைச் சொல்லிக் கொடுத்துவிடுவோம். பார்சல் கொடுத்துவிட்டு வந்த கையோடு உட்கார்ந்து, டீ ஆறுவதற்குள் நான் ஒரு பாடத்தைப் பச்சையாக்கியிருக்கிறேன். என்ன பாடம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அக்கா விளக்கைத் தொடமாட்டார். தாளில் போடுவார், அடிப்பார், மறுபடி போடுவார், விடையைத் தட்டுவார். பெரும்பாலும் தப்பு. இதையும் சொல்லிவிட வேண்டும். அக்கா கணக்கில் புலி எல்லாம் கிடையாது. பின்னம் வந்தால் திணறுவார். கழித்தலில் கடன் வாங்கியதை மறந்துவிடுவார். ஆனால் தப்பு என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் விடமாட்டார். டாக்டராக இருந்தாலும் சரி, டேப்லெட்டாக இருந்தாலும் சரி.

“மேலேர்ந்து வா” என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும். யாராவது பாதியில் முடிவைச் சொன்னால், கையை உயர்த்தி, ‘நீ மேலேர்ந்து வா’ என்பார். முதல் வரியிலிருந்து சொல்லிக்கொண்டு வர வேண்டும். ஆட்டோக்காரர் மீட்டருக்கு மேல் கேட்டாலும் மேலேர்ந்துதான் வர வேண்டும். சிலர் பாதி வழியிலேயே அலுத்து, கேட்டதை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மருத்துவமனையிலும் ஒரு டேப்லெட் இருந்தது. கழிவறை வாசலில் சுவரில் பதித்து, மூன்று முகங்கள். சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம். உள்ளே போய் வருகிறவர்கள் ஒன்றை அமுக்கிவிட்டுப் போக வேண்டும். ஒருநாள் அக்காவே கழுவிவிட்டு, வெளியே வந்து, அழுகிற முகத்தை அமுக்கினார். சூப்பர்வைசர் பார்த்துவிட்டார்.

“நீயே கழுவிட்டு நீயே அழுவுறியா?” என்று அவர் ஹிந்தியில் கேட்டதை அக்கா எனக்குத் தமிழில் நடித்துக் காட்டினார்.

“நீங்க இன்னா சொன்னீங்க?”

“மத்தியானத்துலேர்ந்து குழாய்ல தண்ணி வரல. ஈரத்துணி வெச்சித் தொடைச்சேன். தொடைச்ச மாரி இருக்கும், சுத்தமா இருக்காது. அதான் அமுக்கினேன்னேன். சிரிக்கிற மூஞ்சிய அமுக்கினா தண்ணி வந்துடுமா சார்ன்னு கேட்டேன்.”

“அப்புறம்?”

“பத்து நாளைக்குக் கீழ அழுக்குத்துணி பிரிக்கப் போட்டாங்க. அங்க மூஞ்சி கீஞ்சி ஒண்ணும் கிடையாது. நிம்மதி.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நாற்றம் போகவில்லை என்று கைகளை அடிக்கடி மோந்து பார்த்துக்கொண்டும் இருந்தார்.

அந்த மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. அறையில் இருந்தவர்கள் மாத்திரை வாங்கிக் கொடுத்து, நாலு நாளில் சரியாகிவிட்டாய், எழுந்து வண்டியை எடு என்றார்கள். பகலில் அந்த ஷிப்டுக்காரனுக்குப் பாய் வேண்டுமே. நானும் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். வகுப்புக்குப் போனதும் விக்கி, “அண்ணா, ஏக்தம் ஃபிட் ஆயிட்டீங்க” என்றான். அக்கா என் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார்.

“எவன் சொன்னான் ஃபிட்டுன்னு? கண்ணு மஞ்சளாக் கீது. கெளம்பு.”

அன்று ராத்திரியே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் கொண்டுபோய் வரிசையில் நிற்க வைத்தார். மஞ்சள் காமாலை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்றார் டாக்டர். எப்படி ஆகியிருக்கும், மேலேர்ந்து சொல்லுங்க என்று அக்கா அவரையும் கேட்டார்.

விக்கி யார் என்று சொல்லவில்லை. வகுப்பைப் பார்த்துக்கொள்கிறவன். ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். தமிழ் பேசுவான், நடுவில் வார்த்தை கிடைக்காமல் ஹிந்திக்குத் தாவுவான். நல்லவன். எங்களில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் தன் வண்டியிலேயே கொண்டுபோய் விடுவான். ஆனால் அவன் வேலை எத்தனை பேர் பச்சை என்பதில்தான் நின்றது. மாதக் கடைசியில் மேலிடத்துக்கு ஒரு படம் அனுப்ப வேண்டும், எல்லோருடைய பட்டைகளும் வரிசையாக. அந்தப் படத்தில் அக்காவின் வரிசை மட்டும் தீப்பிடித்த மாதிரி இருக்கும்.

பெயர் சேர்க்கக் கடைசி நாள் நெருங்கிய வாரத்தில் அவன் அக்காவின் எதிரில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

“ஆன்ட்டி, எல்லாரும் கிரீன். நீங்க ஒருத்தர்தான் ரெட்டு. மூணு தட்டு அடிச்சிட்டுப் போங்க. அவ்ளோதான், முடிஞ்சுது.”

“அடிச்சா இன்னா ஆவும்?”

“கிரீன் ஆவும்.”

“எது? பட்டையா, நானா?”

விக்கி எங்களைப் பார்த்தான். நாங்கள் திரைகளைப் பார்த்தோம்.

“பரீட்சையில மூணு தட்டு குடுப்பாங்களாடா?”

“அது அலக், வேற விஷயம் ஆன்ட்டி.”

“எனக்கு அதுதான் விஷயம்.”

“உங்களுக்கு வேலை, நௌக்ரி வேணுமா வேணாமா? நான் உங்களுக்காகத்தான் சொல்றேன். எனக்கும் மேலேர்ந்து போன் வருது.”

“மேலேர்ந்துன்னா யாரு? அவங்கள என்கிட்ட பேசச் சொல்லு. உன்மேல கோவம் இல்லடா ராஜா. இந்த டப்பா உன்னையும் சேத்துதான் ஏமாத்துது.”

மேலேயிருந்து போன் உண்மையில் வந்தது, ஆனால் வேறு காரணத்துக்கு. டேப்லெட் ஒன்று பழுதாகியிருக்கிறது, பார்க்க ஆள் வருகிறது என்றார்கள். விக்கி பயந்துவிட்டான். எல்லா டேப்லெட்டையும் துணியால் துடைத்து அடுக்கினான். எதுவும் உடைந்திருக்கவில்லை.

வந்தது ஒரு பெண். கோயம்புத்தூர்க்காரி, பெயர் அகிலா. என் வயதுதான் இருக்கும். ஹிஞ்சேவாடியிலிருந்து கோர்படி வருவதற்குள் டிராபிக்கில் பாதி உயிர் போயிருந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, ஒவ்வொரு டேப்லெட்டாகத் திருப்பி, பின்னால் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தாள். அக்காவின் மடியில் இருந்ததைப் பார்த்ததும் நின்றாள்.

“இதுதானுங்க. இதுல இருந்து மாசக்கணக்கா ஒரே எழுத்து வந்துட்டே இருக்குது. சரியான விடைக்கும் வருது, தப்பான விடைக்கும் வருது. ஸ்கிரீன் கெட்டுப்போய் தானா டைப் ஆகுதுன்னு நெனச்சோம்.”

“கெட்டுப்போவல. நான்தான் அது” என்றார் அக்கா. “ஏன்னு கேட்டேன். படிச்சவங்க யாரும் பதில் போடல.”

“படிக்கிறதுக்குன்னு ஆள் இல்லீங்கக்கா. எத்தனை வந்துச்சுன்னு எண்ணிக்கை மட்டும்தான் பார்ப்போம்.”

அவள் அப்படி ஒப்புக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது. அக்காவுக்கும் பிடித்திருக்க வேண்டும். கொஞ்சம் நகர்ந்து பாயில் இடம் கொடுத்தார்.

“அப்ப வந்ததே வந்த, உக்காரு. இதை ஏன் தப்புங்குது, சொல்லு.”

கணக்கு இதுதான். காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேருந்து புறப்படுகிறது. காலை எட்டுக்கு முதல் பேருந்து, இரவு எட்டுக்குக் கடைசி. மொத்தம் எத்தனை பேருந்துகள்? அக்கா ஆறு என்று போட்டிருந்தார். சிவப்பு. அகிலா திரையில் எதையோ திறந்தாள். காரணம் என்ற இடத்தில், ‘சூத்திரத்தைப் பயன்படுத்தியதில் பிழை’ என்று இருந்தது.

“நான் சூத்திரமே போடலையே” என்றார் அக்கா.

அகிலா பழைய விடைகளை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். விளக்குக் கம்பங்கள், படிக்கட்டுகள், வரிசையில் நட்ட மரங்கள்.

“இந்தப் பாடத்துல எல்லாமே ஒண்ணு கம்மியாவே வருதுங்கக்கா. எப்படி எண்ணுறீங்க?”

அக்கா விரல் விட்டார். “பத்து, பன்னெண்டு, ரெண்டு, நாலு, ஆறு, எட்டு. ஆறு.”

“காலைல எட்டு மணி பஸ்ஸு?”

“அது நைட் டூட்டிக்காரங்களுது.”

அகிலாவுக்குப் புரியவில்லை. எங்களுக்கும் புரியவில்லை. அக்கா மேலேர்ந்து வந்தார். படுக்கையாகக் கிடக்கிற நோயாளிகளை முதுகு புண்ணாகாமல் இருக்க இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஆயாக்களுக்கு எட்டிலிருந்து எட்டு வரை டூட்டி. வருகிறவர்கள் சேலை மாற்றி வார்டுக்கு வர நேரமாகும் என்பதால், எட்டு மணிப் புரட்டலை வீட்டுக்குப் போகிறவர்கள் முடித்துவிட்டுத்தான் போவார்கள். வருகிறவர்கள் எண்ணிக்கை பத்திலிருந்துதான் தொடங்கும். அவர் கை பல வருஷமாக அப்படித்தான் எண்ணிப் பழகியிருந்தது. பேருந்தோ மரமோ, முதலாவது எப்போதும் முந்தின டூட்டியின் கணக்கு.

“பஸ்ஸுக்கு டூட்டி கிடையாதுங்கக்கா.”

“டிரைவருக்கு இருக்குல்ல?”

விக்கிதான் முதலில் சிரித்தான். பிறகு எல்லோரும். அக்கா சிரிக்கவில்லை. தாளை எடுத்து, பழைய தப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதல் கம்பம், முதல் படி, முதல் மரம். எல்லாவற்றையும் சேர்த்து எண்ணிவிட்டு நிமிர்ந்தார்.

“இதைத்தான நான் இவ்ளோ நாளா கேட்டுக்கினு இருந்தேன். நீ ஒக்காந்து ஒரு டீ ஆறல. அதுக்குள்ள தெரிஞ்சிபோச்சி. அதுக்கு ஏன் தெரியல?”

“அதுக்கு உங்க வார்டு தெரியாதுங்கக்கா. நெறையப் பேரு எந்த எடத்துல தப்பு விடுவாங்களோ அதைத்தான் காரணமாக் காட்டும்.”

“அப்ப தெரியலன்னு சொல்லச் சொல்லு. ‘ஏன் தப்புன்னு எனக்குத் தெரியல’ன்னு. அதுல இன்னா வெக்கம்?”

“அப்படிச் சொல்ற ஆப்ப யாரும் வெச்சுக்க மாட்டாங்கக்கா.”

“எங்க வார்டுல, தெரியாத டாக்டரு பெரிய டாக்டரக் கூப்புடுவாரு. ஆளு பொழைச்சிக்கும். தெரிஞ்ச மாரி பேசறாரு பாரு, அவருகிட்டதான் ஆளு போவும்.”

அகிலா பையிலிருந்து மடிக்கணினியை எடுத்தபடி விக்கியிடம் கடைசி நாள் எப்போது என்று கேட்டாள். நாளைக்கு என்றான். இரண்டு பேரும் மெதுவாக ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு அவள் அக்காவிடம் சொன்னாள். “உங்க பட்டையெல்லாம் நான் இங்கிருந்தே பச்சையாக்கிப் போடறேனுங்கக்கா. நீங்க மத்தவங்களவிட நேர்மையாத்தானே போட்டிருக்கீங்க. பேர் சேர்ந்துரும்.”

விக்கியின் முகம் மலர்ந்தது. எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

“பரீட்சைக்கும் நீயே வருவியா?” என்றார் அக்கா.

“அக்கா, அது…”

“இந்த ஒரு பாடம் இன்னிக்குப் புரிஞ்சிது. அத நானே போட்டுக்கறேன். மத்ததுல கை வெக்காத. சிவப்பு என்னுது. நான் சம்பாதிச்சது.”

அன்று கேட்டுக்கு அந்தப் பக்கம் ரயில் போய்க்கொண்டே இருந்தது. அக்கா பாயில் உட்கார்ந்து அந்தப் பாடத்தை மட்டும் போட்டுக்கொண்டே இருந்தார். பட்டை மஞ்சள் வரை வந்தது. சாபாஸ் என்றபோது கொடியைத் தொடவில்லை. அவ்வளவு காலத்தில் அவர் வாங்கிக்கொண்ட நட்சத்திரங்கள் அவைதான்.

பெயர் அறக்கட்டளை வழியாகச் சேரவில்லை. மறுநாள் டூட்டியை மாற்றிக்கொண்டு, புனேயின் கேம்ப் பகுதியில் ஒரு பள்ளியில் வரிசையில் நின்று, தானே பணம் கட்டித் தனியாகச் சேர்ந்தார். நான் பார்சல் பையோடு கூடப் போயிருந்தேன். வெயிலில் நிற்கும்போது எனக்குக் கோபம் வந்தது.

“வீம்புக்கா இது. ஒரு தட்டுல முடிஞ்சிருக்கும்.”

“வீம்புதான்” என்றார். “என்கிட்ட வேற இன்னா கீது?”

மார்ச்சில் எல்லோரும் எழுதினோம். முடிவு வந்தபோது பச்சைக்காரர்களில் பாதிக்கு மேல் கணக்கில் தேறாமல் போயிருந்தோம். நானும். இருந்தாலும் வகுப்பில் ஒருவர் விடாமல் பச்சை என்று கம்பெனி எங்கள் படத்தைத் தன் பக்கத்தில் போட்டது. அவர்கள் எண்ணுவது பட்டையை, மார்க்கை இல்லை. படத்துக்கு அக்காவைக் கூப்பிடவில்லை.

அக்காவும் கணக்கில் போனார். கொஞ்சத்தில் போனார். ஜூனில் சொன்னபடி ஏஜென்சிக்கு மாற்றினார்கள். அதே வார்டு, அதே கட்டில்கள். சேலை மட்டும் நீலத்திலிருந்து பழுப்பு. விஷயம் கேட்டு நான் மருத்துவமனை வாசலுக்குப் போனேன். “அன்னிக்கே பச்சை பண்ணியிருந்தா…” என்று ஆரம்பித்தேன்.

“பண்ணியிருந்தா?” என்றார். “மேலேர்ந்து வா.”

மேலேர்ந்து வந்து பார்த்தேன். பச்சை பண்ணியிருந்தால் பணம் மிச்சம். பெயர் சேர்ந்திருக்கும். பரீட்சை அதேதான். மார்க்கும் அதேதான்.

“நான் போட்ட கணக்குல எது தப்புன்னு எனக்குத் தெரியும்” என்றார். “ஒனக்குத் தெரியுமா?”

ஜூலையில் மறுபடி எழுதினார். அதற்குள் எனக்கு ஓசூரில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்துப் புனேயை விட்டுவிட்டேன். தேறிவிட்டதாகப் போனில் சொன்னார். ஆனால் மருத்துவமனையில் தேதி முடிந்துவிட்டது என்று கையை விரித்தார்களாம். நான் வருத்தமாக ஏதோ சொன்னேன். டூட்டிக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டார்.

ஓசூரில் நான் இன்னும் ஃபோர்க்லிஃப்டுக்குப் பக்கத்தில் நடக்கிறவன்தான், மேலே உட்காருகிறவன் இல்லை. பத்தாவதை மறுபடி தொட்டிருக்கிறேன், இந்த முறை தமிழில். அந்த ஆப் இப்போது போனிலேயே இலவசம். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிடங்கு வாசலில் உட்கார்ந்து ஒரு கணக்கைப் போட்டேன். சிவப்பு. ‘மீண்டும் முயலுங்கள், உங்களால் முடியும்’ என்றது. குரல் தமிழ், சந்தோஷம் அதே சந்தோஷம். மூலையில் கொடியைத் தேடினேன். கொடி இல்லை, எழுதுகிற கட்டமும் இல்லை. அந்த இடத்தில் மூன்று முகங்கள் இருந்தன.

அழுகிற முகத்தை அமுக்கிவிட்டு அக்காவுக்குப் போன் போட்டேன். பின்னால் தள்ளுவண்டிச் சக்கரத்தின் சத்தம் கேட்டது. வார்டில் இருந்தார்.

“ரோல்ல போட்டாங்களாக்கா?”

“போன மாசம் போட்டுட்டாங்க. போடாம எங்க போவாங்க? டெய்லி டூட்டி முடிச்சிட்டு ஆபீசுல போயி, பாஸாயிட்டேன், ஏன் போடலன்னு கேட்டுக்கினே இருந்தேன். எத்தினி நாளுதான் தாங்குவாங்க. நீ எதுக்குப் போன் பண்ண?”

கணக்கைப் படித்துக் காட்டினேன். இரு, தாள் எடுக்கறேன் என்றார். நானும் மறுபடி போட்டேன். எனக்கு வந்ததைவிட ஒன்று குறைவாக அவருக்கு வந்தது. எட்டு மணியை விட்டுட்டீங்களாக்கா என்றேன். போடா, அதெல்லாம் சேத்தாச்சி என்றார். அவர் விடையைத் தட்டிப் பார்த்தேன். அதுவும் சிவப்பு. விளக்குப் படம் பக்கத்திலேயே மினுக்கிக்கொண்டிருந்தது.

“இன்னாவாம்?”

“தப்புங்குதுக்கா.”

“ஏனாம்?”

“தெரியலக்கா.”

“எனக்கும் தெரியல” என்றார் அக்கா. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிற சத்தம் கேட்டது. “சலோ, மேலேர்ந்து வா.”